நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிய டைப் சி கேபிளில் காப்பி மட்டும் ஆமை வேகம், ஏமாந்துவிட்டேனா?

தூக்கமில்லாதவன்

நேற்று இரவு இரண்டு மணி வரை கேபிள்களோடு மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மூன்று கேபிள்கள் இருக்கின்றன. முதலாவது, எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியோடு (வெளியில் மாட்டும் வேகமான சேமிப்பு டிஸ்க்) வந்த குட்டிக் கேபிள், இரண்டு முனையும் டைப் சி, ஒரு சாண் நீளம் இருந்தால் அதிகம். இரண்டாவது, போன் பெட்டியில் வந்தது, ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி, மறுமுனை டைப் சி. மூன்றாவதுதான் பிரச்சினை. போன மாதம் வாங்கினேன், இரண்டு பக்கமும் டைப் சி, 2 மீட்டர், மேலே துணி பின்னியது, பெட்டியில் 240 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பக்கத்திலேயே 'அதிவேகம்' என்றும் போட்டிருந்தான். சாதாரணக் கேபிளைவிட நாலு மடங்கு விலை. வாங்குவது ஒன்றாக இருந்தாலும் நல்லதாக வாங்கிவிட்டால் லேப்டாப், போன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று ஒரு கணக்கு.

நடந்தது இதுதான். லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜர், புதுக் கேபிளில் அருமையாக ஏறுகிறது. அதே கேபிளை எஸ்எஸ்டியில் மாட்டி 60 ஜிபி வீடியோவை நகர்த்தினால் நொடிக்கு 38 எம்பி, மொத்தம் 26 நிமிடம். குட்டிக் கேபிளில் அதே ஃபோல்டர் ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிட்டது. சரி, குட்டிதான் உசத்தி போல என்று அதிலேயே லேப்டாப்பைச் சார்ஜ் போட்டேன், 'மெதுவான சார்ஜர்' என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. போனுக்கு வந்தால் அது தனிக் கதை. பெட்டியில் வந்த சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால் முக்கால் மணி நேரத்தில் நிரம்புகிற போன், லேப்டாப் சார்ஜரிலும் புதுக் கேபிளிலும் மாட்டினால் இரண்டு மணி நேரம் எடுக்கிறது. இத்தனைக்கும் இந்தச் சார்ஜர்தான் பெரியது!

அப்படியென்றால் எது நல்ல கேபிள்? நான் ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது, வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறதா?

கடைசி பெஞ்ச்

ஒயருக்குள் இருப்பது செம்புக் கம்பி. அதற்கு நாலு மடங்கு விலை கொடுத்தீர்கள் என்றால் அந்தத் துணிக்கும் பெட்டிக்கும்தான் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஐந்து வருடமாக இருப்பதிலேயே மலிவான கேபிளைத்தான் வாங்குகிறேன், போன் ஏறுகிறது, வேறென்ன வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஒயர்மேன்

திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மூன்று கேபிளில் ஒன்றிலும் பழுதில்லை.

டைப் சி என்பது அந்த முனையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். 2014ல் வந்த வடிவம், 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. ஆனால் முனையில் 24 இருக்கிறது என்பதற்காகக் கேபிளுக்குள் 24 கம்பி ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குறைந்தபட்சமாக ஓடுவது மின்சாரம் போக ஒன்று, திரும்பி வர ஒன்று, தகவலுக்கு ஒரு ஜோடி, அப்புறம் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதற்கு ஒற்றைக் கம்பி. அந்தத் தகவல் ஜோடி 2000ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0 காலத்து ஜோடி, நொடிக்கு 480 மெகாபிட்தான் அதன் உச்சம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக எட்டால் வகுத்தால் 60 எம்பி (மெகாபைட்), மேல்செலவெல்லாம் போக நிஜத்தில் 35 முதல் 40 வரை. உங்களுக்கு 38 வந்தது அல்லவா, அந்த ஒரு எண்ணைப் பார்த்ததுமே கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. குட்டிக் கேபிளில் இதற்கு மேல் அதிவேக ஜோடிகள் நான்கு தனியாக இருக்கின்றன, அதனால்தான் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

240 வாட் கேபிளில் யூஎஸ்பி 2.0 வேகம் மட்டும் இருப்பது மோசடி இல்லை, விதிகளே அனுமதிக்கின்றன. ஆப்பிள் விற்கும் 2 மீட்டர் 240 வாட் கேபிளும் தகவல் விஷயத்தில் யூஎஸ்பி 2.0தான். ஐபோன் 15 ப்ரோ 10 கிகாபிட் வேகத்தில் தகவல் அனுப்பும், ஆனால் அதன் பெட்டியில் வரும் கேபிளில் அந்த வேகம் கிடைக்காது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும். சாதா ஐபோன் 15ல் என்ன கேபிள் போட்டாலும் யூஎஸ்பி 2.0தான், ஏனென்றால் போனுக்குள்ளேயே அவ்வளவுதான். 'அதிவேகம்' என்று போட்டவன் சார்ஜையா தகவலையா என்று சொல்லாமல் விட்டானே, அங்கே வேண்டுமானால் கோபப்படலாம்.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். டைப் சி கேபிள் எதுவாக இருந்தாலும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிள் முனைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்க வேண்டும், இ-மார்க்கர் என்பார்கள். சார்ஜர் முதலில் அந்தச் சிப்பிடம் "நீ எத்தனை ஆம்பியர் தாங்குவாய்" என்று கேட்கும். 5 என்று பதில் வந்தால்தான் 20 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 100 வாட் தரும். சிப் இல்லை என்றாலோ, 3 என்று பதில் வந்தாலோ, 60க்கு மேல் ஒரு வாட்கூடக் கிடைக்காது. உங்கள் குட்டிக் கேபிள் 3 ஆம்பியர் ரகமாக இருக்கும். அதிவேகக் கேபிள் என்பதால் அதற்குள்ளும் சிப் கட்டாயம் உண்டு, ஆனால் அது 3 என்றுதான் சொல்லும். 100 வாட் சார்ஜர் 60க்கு இறங்கியதும் லேப்டாப் முணுமுணுத்திருக்கிறது.

240 வாட் வந்தது 2021ல், வோல்ட்டை 48 வரை ஏற்ற அனுமதித்தபோது. 48ஐ 5ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆம்பியர் அதே 5தான். உங்கள் சார்ஜர் 100 வாட் என்பதால் அந்தக் கேபிளின் பாதித் திறமையைக்கூட நீங்கள் தொடவில்லை.

ஆக, மின்சாரம் எவ்வளவு போகும் என்பதும் தகவல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு எண்கள். ஒன்று பெரிதாக இருந்தால் மற்றதும் பெரிதாக இருக்கும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறோம், நானும் மாட்டியிருக்கிறேன்.

தூக்கமில்லாதவன்

ஐயோ, 38ஐப் பார்த்தே சொல்லிவிட்டீர்களே. சரி, அப்படியென்றால் வாங்கும்போது 'யூஎஸ்பி 3' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதுமா? நேற்று தேடிப் பார்த்ததில் 3.0, 3.1, 3.2, ஜென் 1, ஜென் 2, ஜென் 2 பெருக்கல் 2 என்று வாய்ப்பாடு மாதிரி வருகிறது, தலை சுற்றுகிறது.

ஒயர்மேன்

அந்தப் பெயர்களை மறந்துவிடுங்கள், பெயர் வைத்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். 2008ல் 5 கிகாபிட் வேகத்துக்கு யூஎஸ்பி 3.0 என்று பெயர். 2013ல் 10 கிகாபிட் வந்தபோது பழைய 5ஐ '3.1 ஜென் 1' என்று மாற்றினார்கள். 2017ல் 20 வந்தபோது அதே 5 '3.2 ஜென் 1' ஆனது. ஒரே வேகத்துக்கு மூன்று பெயர்! அதனால் 'யூஎஸ்பி 3.2' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 5ஆகவும் இருக்கலாம், 20ஆகவும் இருக்கலாம், விற்பவர் எந்தப் பொய்யும் சொல்லாமலே உங்களைக் குழப்பிவிடலாம். யூஎஸ்பி 4 என்பது 2019ல் வந்தது, 40 கிகாபிட் வரை, 2022ல் 80 வரை போனது.

எழுத்தில் இருக்க வேண்டியது இரண்டே எண்கள்தான், நொடிக்கு எத்தனை கிகாபிட், எத்தனை வாட். 2022லிருந்து யூஎஸ்பி அமைப்பே சான்று பெற்ற கேபிள்களில் இந்த இரண்டு எண்களை நேராக அச்சிடச் சொல்கிறது. வாட் மட்டும் இருந்து கிகாபிட் இல்லையென்றால் 480 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தப்பாகாது. நல்ல வேகம் உள்ள கேபிளை விற்பவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான்.

தண்டர்போல்ட் என்று அதே டைப் சி முனையில் வரும் இன்னொரு அதிவேக இணைப்பு முறை இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. தண்டர்போல்ட் 3 காலத்தில் வந்த 2 மீட்டர் ஆக்டிவ் கேபிள்கள் (முனைக்குள் சிக்னலைத் தூக்கிவிடும் சிப் உள்ளவை) தண்டர்போல்ட் சாதனத்தில் 40 கிகாபிட் ஓடும், ஆனால் அதில் சாதாரண யூஎஸ்பி எஸ்எஸ்டியை மாட்டினால் யூஎஸ்பி 2.0க்கு விழுந்துவிடும். கடையிலேயே விலை கூடிய கேபிள் அதுவாகத்தான் இருக்கும்! 2020ல் வந்த தண்டர்போல்ட் 4ல் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

பழைய ரேடியோ

போன் விஷயத்தை யாரும் தொடவில்லையே. உங்கள் போன் எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். முக்கால் மணி நேரம் என்பதையும், சார்ஜரில் தட்டை யூஎஸ்பி முனை இருப்பதையும் வைத்துப் பார்த்தால் அது தன் சொந்த மொழி பேசும் போன். ஓப்போ 2014ல் கொண்டுவந்த வூக் அந்த வகை. பொதுவான முறையில் வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றுவார்கள், வூக்கில் வோல்ட்டை 5 பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆம்பியரை ஏற்றினார்கள். அதற்குச் சார்ஜர், கேபிள், போன் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும், கேபிளுக்குள் தடித்த கம்பியும் கூடுதல் தொடுபுள்ளியும் தனியாக இருக்கும். நடுவில் வேற்றாள் வந்தால் போன் பொதுமொழிக்கு இறங்கிவிடும், அந்தப் பொதுமொழியில் அது மெதுவாகத்தான் பேசும். 100 வாட் சார்ஜர் இருந்தும் பயனில்லாமல் போனதற்கு இதுதான் காரணம். கேபிள் மேல் தப்பில்லை.

இதிலேயே இன்னொரு வகை. சாம்சங்கின் 45 வாட் சார்ஜிங் இருக்கிறதே, அதற்கு 60 வாட் கேபிள் தாராளமாகப் போதும் என்று யாருக்கும் தோன்றும், 60 பெரிது 45 சிறிது. ஆனால் அந்த 45 வாட்டை அது 10 வோல்ட் பக்கத்தில் எடுக்கிறது, அதனால் 3 ஆம்பியரைத் தாண்டிவிடும், 5 ஆம்பியர் கேபிள்தான் வேண்டும். வாட் என்பது பெருக்குத் தொகை, கேபிளுக்குச் சூடு ஏற்றுவது ஆம்பியர் மட்டும்தான். நான் ரேடியோ பழுதுபார்த்த காலத்திலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கடைசி பெஞ்ச் நண்பருக்கு ஒரு வார்த்தை. செம்புக் கம்பி செம்புக் கம்பிதான், ஆனால் எவ்வளவு செம்பு என்று ஒரு கேள்வி இருக்கிறதே. கம்பியின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கம்பி மெல்லிசு. 28 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆக 0.42. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும், 5 வோல்ட் கிளம்பி 4.15தான் போனுக்குப் போய்ச் சேரும், போன் உடனே பயந்து ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே இடத்தில் 20 கேஜ் கம்பி போட்டால் இழப்பு 0.13 வோல்ட். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே தடிமனாகத் தெரியும், ஏனென்றால் மேலே இருப்பது பிளாஸ்டிக். இன்னும் மோசம், அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசியது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 60 சதவீதம்தான்.

கடைசி பெஞ்ச்

ஓம் விதியெல்லாம் பரீட்சையோடு விட்டாச்சு. என் போன் 18 வாட், ராத்திரி மாட்டினால் காலையில் நிரம்பியிருக்கிறது. அதற்கு நான் ஏன் 20 கேஜ் தேட வேண்டும்?

பழைய ரேடியோ

தேட வேண்டாம், நீங்கள் செய்வது சரிதான். 18 வாட்டுக்கு, அதுவும் ராத்திரி முழுக்க நேரம் இருக்கும்போது, விலை கூடிய கேபிள் வீண்செலவு. விலை எங்கே நியாயமாக ஏறுகிறது என்றால், 240 வாட் சார்ஜ் கேபிளில் தடித்த செம்பும் ஒரு சிப்பும் மட்டும்தான் கூடுதல், அதனால் பெரிதாக ஏறக்கூடாது. 40 கிகாபிட் கேபிளில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் தனி உறை, ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்காமல் அடைப்பு, அதில் நீளமும் கூடினால் முனைக்குள் சிக்னலைத் தூக்கிவிடும் சிப். அங்கே கொடுக்கும் பணம் உள்ளே போகிறது. ஆக்டிவ் சிப் இல்லாத 40 கிகாபிட் கேபிள்கள் ஒரு மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவதற்கும் இதுதான் காரணம். மூன்று மீட்டர், 40 கிகாபிட், மலிவு விலை என்று மூன்றும் சேர்ந்து ஒரு விளம்பரம் வந்தால் மேலே படிக்காமல் கடந்துவிடுங்கள்.

மின்மினி

சோதனை பற்றிக் கேட்டீர்கள், நான் இதில் நிறைய நேரத்தை வீணடித்தவள் என்பதால் சொல்கிறேன்.

தகவல் வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே பெரிய ஃபைல், 10 ஜிபிக்குக் குறையாமல், எஸ்எஸ்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. ஆயிரம் போட்டோ உள்ள ஃபோல்டரை வைத்துச் சோதிக்காதீர்கள், ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்து மூடும் நேரமே கேபிளை மறைத்துவிடும். அதே ஃபைலை இரண்டாம் முறை நகர்த்திப் பார்த்தால் மெமரியில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொடுத்துவிட்டு வேகம் எக்கச்சக்கமாகக் காட்டும், அதையும் நம்பாதீர்கள். 40க்குள் நின்றால் யூஎஸ்பி 2.0. 400 பக்கம் வந்தால் 5 கிகாபிட். 900, 1000 என்றால் 10 கிகாபிட். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துச் சோதித்தால் 5க்கும் 10க்கும் வித்தியாசம் தெரியாது, டிஸ்க்கே அவ்வளவு ஓடாது.

காப்பி செய்யக்கூடப் பொறுமை இல்லையென்றால், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால் மாட்டியிருக்கும் சாதனம் என்ன வேகத்தில் கைகுலுக்கியிருக்கிறது என்று எழுதியிருக்கும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மரக்கிளை வடிவில் காட்டச் சொன்னால் வரியின் கடைசியில் 480, 5000, 10000 என்று வரும்.

இதெல்லாம் செய்யும்போது ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, லேப்டாப்பின் இந்தப் பக்க ஓட்டையிலிருந்து அந்தப் பக்க ஓட்டைக்கும் மாற்றிவிட்டு, கேபிள் மோசம் என்று முடிவுகட்டினேன் ஒரு முறை. அந்தப் பக்க ஓட்டைதான் மெதுவானது. நடுவில் ஹப் (ஒரு ஓட்டையைப் பலதாக்கும் பெட்டி) இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். டைப் சி முனையைத் திருப்பிப் போட்டும் ஒரு முறை சோதியுங்கள். என்னிடம் ஒரு கேபிள் இருந்தது, ஒரு பக்கமாகச் சொருகினால் 900, கழற்றி அப்படியே புரட்டிச் சொருகினால் 38. முனை எந்தப் பக்கமாகப் போனாலும் பொருந்தும், ஆனால் உள்ளே அதிவேக ஜோடிகள் இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன, அதில் ஒரு பக்கத்து ஜோடி எனக்கு அறுந்திருந்தது. இரண்டு வாரம் பேய் பிடித்த மாதிரி, ஒரு நாள் வேகம், ஒரு நாள் மெதுவாக. இதே மாதிரி தட்டை யூஎஸ்பி முனையிலும் ஒரு விசேஷம், ரொம்ப மெதுவாக உள்ளே தள்ளினால் பழைய பின்கள் முதலில் தொட்டு யூஎஸ்பி 2.0ஆகவே ஒட்டிக்கொள்ளலாம். பட்டென்று சொருக வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறார்கள், செய்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

பழைய ரேடியோ

சார்ஜ் பக்கத்துக்கு ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வோல்ட் ஆம்பியர் வாட் மூன்றும் காட்டும். முதலில் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேபிளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேபிள் தின்றது. முழு ஆம்பியர் ஓடும்போது 0.75 வோல்ட் வரை தின்னலாம் என்று விதி அனுமதிக்கிறது, அதைத் தாண்டினால் அந்தக் கேபிளுக்கு ஓய்வு கொடுங்கள்.

பேட்டரி 30 சதவீதம் பக்கத்தில் இருக்கும்போது சோதியுங்கள். 80க்கு மேல் போனால் எந்தப் போனும் தானே மெதுவாகும், சூடாக இருந்தாலும் மெதுவாகும், அதைப் பார்த்துக் கேபிளைத் திட்டக்கூடாது. போனில் ஓடும் ஆம்பியர் காட்டும் செயலிகளும் அரைகுறைதான், அவை பேட்டரிக்குள் போவதை மட்டும் காட்டுகின்றன, திரைக்கும் மற்றதற்கும் போவது கணக்கில் வராது.

கொஞ்சம் நல்ல மீட்டராக இருந்தால் இ-மார்க்கர் சிப்பில் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டும். ஆனால் அது சிப்பில் எழுதியிருப்பது, அவ்வளவே. 5 ஆம்பியர் என்று சிப்பில் எழுதிவிட்டு உள்ளே மெல்லிய கம்பி போடுபவர்கள் உண்டு. அதனால் படிப்பதோடு நிற்காமல் வோல்ட் இழப்பையும் பாருங்கள், கூடவே பத்து நிமிடம் கழித்து முனையைத் தொட்டும் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எண் என்ன சொன்னாலும் தூக்கிப் போடலாம்.

மின்மினி

ஆபத்து பற்றிச் சொன்னதால் சேர்க்கிறேன். கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015ல் இணையத்தில் விற்கும் டைப் சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து மதிப்பீடு எழுதினார். நிறைய கேபிள்களில், தட்டை முனையிலிருந்து டைப் சிக்கு வரும் ரகத்தில், எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று போனுக்குக் குறிப்புக் காட்டும் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தது. அதனால் எதிரே இருப்பது 3 ஆம்பியர் சார்ஜர் என்று போன் நினைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் யூஎஸ்பி ஓட்டையிலிருந்துகூட 3 ஆம்பியர் உறிஞ்சப் பார்க்கும். 2016ல் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்சாரக் கம்பியும் பூமிக் கம்பியும் மாறி இணைக்கப்பட்டிருந்தன, அவருடைய குரோம்புக் பிக்ஸல் லேப்டாப்பே போய்விட்டது. அதே ஆண்டு அமேசான் தரத்துக்கு ஒத்துவராத டைப் சி கேபிள்களை விற்கக்கூடாது என்று விதி போட்டது.

கடைசி பெஞ்ச், மலிவாக வாங்குங்கள், ஆனால் தயாரித்தவர் யார் என்றாவது எழுதியிருக்கிற மலிவானதை வாங்குங்கள்.

கடைசி பெஞ்ச்

சரி சரி, பயமுறுத்தாதீர்கள். ஒரு சந்தேகம். என் கேபிளைச் சொருகினால் லேசாக ஆடுகிறது, ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது. புதுக் கேபிள் போட்டும் அப்படியே. போன் ஓட்டை போய்விட்டதா?

மின்மினி

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சட்டைப்பை பஞ்சு அடியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு முறை சொருகும்போதும் நீங்களே அதை அழுத்திக் கெட்டிப்படுத்துகிறீர்கள். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி, எந்த உலோகமும் வேண்டாம்.

கடைசி பெஞ்ச்

ஒரு சின்ன மெத்தையே வந்தது. இப்போது 'டிக்' என்று உட்காருகிறது. இதற்காகப் போன வாரம் இரண்டு கேபிள் வாங்கினேன், அதை யாரிடமும் சொல்லவில்லை.

தூக்கமில்லாதவன்

எல்லோருக்கும் நன்றி. கூட வேலை செய்பவரிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்து நேற்று முழுக்க உட்கார்ந்துவிட்டேன், முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

புதுக் கேபிள்: சிப் 5 ஆம்பியர், 240 வாட், தகவல் யூஎஸ்பி 2.0 என்று தானே ஒப்புக்கொள்கிறது. லேப்டாப் 32 சதவீதத்தில் இருந்தபோது 4.6 ஆம்பியர் ஓடியது, சார்ஜர் பக்கம் 20.1 வோல்ட், லேப்டாப் பக்கம் 19.5. 2 மீட்டருக்கு 0.6 இழப்பு, பத்து நிமிடம் கழித்தும் முனை வெதுவெதுப்புதான். ஆகவே ஏமாறவில்லை, பெட்டியைச் சரியாகப் படிக்கவில்லை. குட்டிக் கேபிள்: 3 ஆம்பியர், 10 கிகாபிட். ஒயர்மேன் கண்ணால் பார்க்காமலே சொன்னது அப்படியே. மின்மினி சொன்னபடி திருப்பிப் போட்டும் பார்த்தேன், இரண்டு பக்கமும் 900க்கு மேல். போனுக்கு அதன் பெட்டிக் கேபிளையே வைத்துக்கொள்கிறேன், அது தனிக்குடித்தனம் என்று புரிந்துவிட்டது.

ஆனால் மேசை டிராயரில் இருந்த பழைய கேபிள் ஒன்றில்தான் நிஜமாகவே ஏமாந்திருக்கிறேன். முனையில் 100 வாட் என்று பொறித்திருக்கிறது, மீட்டரில் மாட்டினால் சிப்பே இல்லை என்கிறது. 3 ஆம்பியருக்கு மேல் ஒரு துளி வரவில்லை, அந்த 3க்கே 0.9 வோல்ட் தின்கிறது. இரண்டு வருடமாக அதில்தான் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு, பேட்டரி பழசாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இப்போது கலர் டேப் ஒட்டிவிட்டேன். சிவப்பு என்றால் சார்ஜுக்கு, நீலம் என்றால் எஸ்எஸ்டிக்கு, மஞ்சள் போனுக்கு. 100 வாட் என்று பொய் சொன்னதை நடுவில் வெட்டிப் பார்த்தேன், முனைக்குள் சிப் இல்லை, கம்பி தலைமுடி மாதிரி, சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. பழைய ரேடியோ அண்ணா, அது நீங்கள் சொன்ன அலுமினியம்தானே?

பழைய ரேடியோ

சுரண்டிய இடம் வெள்ளியாகப் பளபளத்தால் பெரும்பாலும் அதுதான். வெளியே வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகத் தெரியும், ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். உங்களுக்கு உள்ளேதான் வெள்ளை. மீட்டரை எப்போது திருப்பித் தர வேண்டும்?

தூக்கமில்லாதவன்

திங்கட்கிழமை. டிராயரில் இன்னும் பதினொரு கேபிள் பாக்கி.